பத்தொன்பது நிலாக் கடன்கள்

இருபத்தாறு மணி நேரம் பத்து நிமிடம்.

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னாள். நேற்றுக் காலை எட்டு மணிக்கு அவளுடைய அப்பா வீட்டை விட்டுக் கிளம்பினார். இப்போது மணி பத்து பத்து. நடுவில் ஒரு போன் இல்லை, ஒரு தகவல் இல்லை.

“போலீஸ்?” என்றார் சர்வேயர்.

“நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகட்டும்ங்கறாங்க மேடம். வயசானவர், யாராவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பார்னு சிரிக்கறாங்க.” அவள் கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். “அவருக்குச் சர்க்கரை இருக்கு. காலைல ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. ரெண்டு ஊசி தவறிப் போச்சு. மருந்துப் பை வீட்டுலயே கிடக்கு.”

சர்வேயர் என்பது பெயர் அல்ல. இருபது வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களையும் மூழ்கிய படகுகளையும் பார்த்து, விபத்தா வித்தையா என்று எழுதிக் கொடுத்தவர். வேலையை விட்டு நாலு வருடமாகியும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை, சிக்கலோடு வீடு தேடி வருகிறவர்களும் விடவில்லை. ஐம்பது வயது. குறைவாகப் பேசுவார். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கணவரின் தம்பி இருந்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர் வெடி. கார் ஓட்டுவது அவன் வேலை. மற்றதெல்லாம் சம்பளமில்லாத சேவை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

“அப்பா எங்க வேலை பார்க்கறார்?”

“நான் வேலை பார்க்கற பேங்க்லயேதான். ரெக்கார்டு ரூம் அவர் பொறுப்பு. நான் கடன் பிரிவுல கிளார்க். அவருக்கு இன்னும் பதினோரு நாள்ல ரிட்டயர்மென்ட்.” மகள் ஒரு மேசைக் காலண்டரை எடுத்து வைத்தாள். “அவர் மேஜைல இது இருந்துச்சு.”

காலண்டரில் பதினாலு மாதங்கள். பத்தொன்பது தேதிகளைச் சுற்றிப் பென்சில் வட்டம். சில வட்டங்கள் கறுப்பாக நிரப்பப்பட்டிருந்தன. சில வெறுமையாக இருந்தன.

சர்வேயர் இரண்டு பக்கங்களைத்தான் புரட்டினார். “கறுப்பு அமாவாசை. வெறுமை பௌர்ணமி.”

“ஆமா மேடம். அந்த பத்தொன்பது நாள்லயும் பெரிய கடன் ஒண்ணு போயிருக்கு. இல்லேன்னா மறுநாள் போயிருக்கு. எல்லாம் காலி மனை மேல குடுத்தது. எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரே நிலாக் கடன். மேனேஜருக்கு நிலா ஏறிடுச்சு, இன்னிக்குக் கேட்டா குடுத்துடுவார்னு கிண்டல் பண்ணுவாங்க.”

“நான் கடன் கேட்டுப் போனப்ப எல்லாம் அந்த நிலா எங்க போச்சு அண்ணி?” என்றான் வெடி. “எனக்கு மட்டும் வருஷம் பூரா கிரகணம்.”

சர்வேயர் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு என்ன?”

“பௌர்ணமி.”

பதில் கேள்வி முடிவதற்குள் வந்தது. சர்வேயர் எழுந்து செருப்பைத் தேடினார்.

*

ரெக்கார்டு ரூம் வங்கியின் தரைத்தளத்துக்குக் கீழே இருந்தது. அப்பா வீட்டில் விட்டுப்போன சாவியால் மகள் திறந்தாள். ஜன்னல் கிடையாது. இரும்பு அலமாரிகள் கூரை வரை நின்றன. ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் அணைந்து அணைந்து எரிந்தது. ஒவ்வொரு முறை அணையும்போதும் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா ஒழுங்கான மனிதர். பத்தொன்பது ஃபைலும் ஒரே தட்டில், தேதி வரிசையில் இருந்தன. சர்வேயர் முதல் ஃபைலின் உள்ளட்டையில் அச்சடித்திருந்ததைப் படித்தார்.

‘கடன் வாங்குபவர் அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்து, மனையின் எல்லைக்கல் அருகில் நிற்கும் புகைப்படம் அவசியம். பார்வையிட்ட இரண்டு நாட்களுக்குள் கடன் வழங்கப்பட வேண்டும். தவறினால் மனையை மறுபடி பார்வையிட வேண்டும்.’

“எங்க தலைமை ஆபீஸ்ல போட்ட ரூல்” என்றாள் மகள். “அவங்க நிலத்தைப் பார்க்க மாட்டாங்க. இந்த ஃபோட்டோவைத்தான் பார்ப்பாங்க. ஃபோட்டோ சரியா இருந்தா கையெழுத்துப் போட்டுடுவாங்க.”

“அப்போ கடன் குடுத்த நாளுக்கு அர்த்தமில்ல” என்றார் சர்வேயர். “நிலத்தைப் பார்த்த நாளுக்குத்தான் அர்த்தம். அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்து ஏன் நிலம் பார்க்கப் போகணும்?”

“ராத்திரி நிலா வெளிச்சத்துல பார்த்தா சல்லிசா தெரியுமோ என்னவோ” என்றான் வெடி.

“அமாவாசைக்கு ஏது வெளிச்சம்? படத்தைப் பாரு. உச்சி வெயில்.”

அவர் ஃபைல்களை வரிசையாகத் தரையில் விரித்தார். பத்தொன்பது பேர், பத்தொன்பது செய்தித்தாள்கள். எல்லார் நிழலும் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. ஒரு படத்திலும் காலை நிழல் இல்லை, மாலை நிழல் இல்லை. சாம்பல் நிறத் தரை. புல் இல்லை. செடி இல்லை. ஒரு எறும்புப் புற்றுகூட இல்லை.

வெடி ஒரு படத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டான். “கல்லுக்குத் தலையில பொடுகு, அண்ணி.”

எல்லைக்கல்லின் உச்சியில் வெள்ளைப் புள்ளிகள். சர்வேயர் வாங்கிப் பார்த்தார். அடுத்த படத்தில் இருந்த கல்லைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். அவர் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“பொடுகு இல்ல. சிப்பி.”

“சிப்பியா? மனையிலயா?”

“மூழ்கின படகு நிறையப் பார்த்திருக்கேன். இந்தச் சிப்பி ஒட்டணும்னா தினமும் தண்ணி ஏறி இறங்கணும். கல்லோட அடியில இல்ல, தலையில ஒட்டியிருக்கு. அந்தக் கல்லு தினம் முழுசா முழுகுது.” அவர் குரல் தணிந்தது. “நிலா மேனேஜர் மனசை இழுக்கல. கடலை இழுக்குது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும். இந்தக் கரையில அது எப்பவும் மதியம் பன்னிரண்டு மணி வாக்குல நடக்கும். ஒரு ரெண்டு மணி நேரம் சேறு வெளிய தெரியும். அந்த நேரத்துல கல்லை நட்டு, ஆளை நிறுத்தி, படம் எடுத்து, அதை மனைன்னு காட்டி...”

“கடலைக் கூறு போட்டு வித்துட்டானுங்க” என்று முடித்தான் வெடி. அவனுக்கே அது வேடிக்கையாகப் படவில்லை.

சர்வேயர் கடைசி ஃபைலைத் திறந்தார். முகவரி மற்றவற்றில் இருந்ததேதான்: விளக்குத்தூணுக்கு மேற்கே. ‘பார்வையிட்டவர்’ என்ற இடத்தில், எல்லா ஃபைலிலும் இருந்ததுபோல, யாரும் படிக்க முடியாத ஒரு கிறுக்கல். ஆனால் படம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பசைப் பொட்டுகள் மட்டும் இருந்தன.

“இந்தப் படத்தை யாரோ உரிச்சு எடுத்திருக்காங்க.”

மகள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். “அப்பாதான். இந்த ரூம் சாவி அவர்கிட்ட மட்டும்தான் இருக்கும்.” பிறகு, கிசுகிசுப்பாக: “அவர் அங்கதான் போயிருக்கார். போலாம் மேடம். இப்பவே போலாம்.”

“அந்த இடத்துக்கு நீ போயிருக்கியா?”

“இல்ல மேடம்.”

சர்வேயர் மணியைப் பார்த்தார். பத்து ஐம்பத்தைந்து. “இன்னிக்குத் தண்ணி முழுசா வத்தறது பன்னிரண்டு அஞ்சுக்கு. ஒரு மணிக்கு மேல அந்த நிலம் நிலமா இருக்காது.”

“எங்கே கிளம்பறீங்க?” என்றது வாசலில் ஒரு குரல்.

*

மேனேஜர் நல்ல மனிதர்போல் இருந்தார். வெளுத்த சட்டை, மெல்லிய குரல், தலையைச் சாய்த்துக் கேட்கும் பழக்கம். அவர்களைத் தன் அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். தேநீர் வரவழைத்தார். காணாமல் போனவரைப் பற்றிப் பேசும்போது அவர் கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது.

“முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் மேடம். ஒரு பேப்பர் தொலைச்சதில்ல. அவரே தொலைஞ்சு போயிட்டார்னா எப்படி இருக்கும் எனக்கு? நிதானமாத் தேடுவோம். கேமரா பதிவைப் பார்க்கலாம். அதுக்கு ஒரு ஆள் வரணும், சொல்லியிருக்கேன்.”

“எப்ப வருவார்?”

“ஒரு மணிக்குள்ள வந்துடுவார்.” அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “தேநீர் ஆறிடப் போகுது.”

பதினொன்று ஐந்து. பிறகு அவர் ஊழியர் வருகைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். அது வர எட்டு நிமிடம் ஆயிற்று. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரெக்கார்டு ரூமுக்குள் வெளியாட்கள் போனதற்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். மூன்றாவது முறை கடிகாரத்தைப் பார்த்தபோது மணி பதினொன்று இருபது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சர்வேயர் அந்தச் சாய்வைக் கவனித்தார். காணாமல் போனவரைத் தேடுகிறவர்களுக்கு நேரம் ஆக ஆகப் பதற்றம் ஏறும். இவருக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

இவருக்குத் தெரியும். அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். தண்ணீர் எப்போது ஏறும் என்றும் தெரியும். தேநீர் கொடுத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்கிறார்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே காவலாளியின் நிழல் தெரிந்தது.

சர்வேயர் வெடியைப் பார்த்தார்.

“சார்” என்றான் வெடி, தலையைச் சொறிந்துகொண்டு. “ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. வண்டியை உங்க கேட்டுக்குக் குறுக்கால நிறுத்திட்டேன். பணம் எடுத்துட்டு வர்ற வேன் வெளிய நிக்குது. துப்பாக்கி வெச்சிருக்கவர் என்னைத் தேடறாராம். நீங்களே வந்து எனக்காக நாலு வார்த்தை பேசறீங்களா, இல்ல நானே போய் எடுத்துடட்டுமா?”

வெளியே ஒரு ஹாரன் நீளமாக அலறியது. தெரு முழுவதும் தலைகள் திரும்பியிருக்கும். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். துப்பாக்கிக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்க அவருக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது.

“எடுத்துட்டு வாங்க தம்பி.”

“சாவி அண்ணி பைல இருக்கு சார். பை எங்க இருக்குன்னு அண்ணிக்குத்தான் தெரியும். அண்ணிக்குத் துணைக்கு இந்தப் பொண்ணு வரட்டும்.”

மூன்று பேரும் எழுந்து நடந்தார்கள். ஓடவில்லை. கவுன்டர்கள், வரிசை, கண்ணாடிக் கதவு. பின்னால் மேனேஜர் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் ஓடினார்கள்.

*

கடலோரச் சுவரருகே வந்து நின்றபோது மணி பதினொன்று ஐம்பது. வழியில் சர்வேயர் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் செய்திருந்தார். நாற்பத்தெட்டு மணி நேரக் கதை வேண்டாம், கடலுக்குள் ஒரு உயிர் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

கடல் இல்லை.

சுவருக்கு அப்பால் சாம்பல் நிறச் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் பளபளத்தது. கடல் வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக ஒதுங்கியிருந்தது. சேற்றில் எல்லைக்கற்கள் வரிசையாக நின்றன, பல் முளைத்ததுபோல. இந்த இடத்தில் சத்தமே இல்லை என்பதுதான் முதலில் பயமுறுத்தியது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு இரும்புத் தூண் நின்றது. பழைய கலங்கரை விளக்கு, ஃபைலில் இருந்த அந்த விளக்குத்தூண். அதன் மேடையில் வெள்ளையாக ஏதோ.

“அப்பா சட்டை” என்றாள் மகள்.

அது அசையவில்லை.

“அண்ணி, இங்க வாங்க.” வெடி சுவரின் அடியில் குனிந்திருந்தான். அங்கே மூங்கில் கம்புகள் கட்டாகக் கிடந்தன. முப்பது நாற்பது இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புத் துணி. மறுமுனையில் முழங்கை நீளத்துக்குச் சேறு, நிழலில் கிடந்ததால் முழுக்கக் காயாதது.

சர்வேயர் புரிந்துகொண்டார். சேற்றுக்கு அடியில் எங்கோ கெட்டியான வரப்பு ஒன்று இருக்கிறது. அதைக் காட்டத்தான் இந்தக் கம்புகள். நேற்று அந்த மனிதர் ஃபைலில் இருந்த நிலத்தைத் தன் கண்ணால் பார்க்க, யாரோ நட்டுவைத்த கம்புகளைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் தூரம் போனபிறகு பின்னாலிருந்து ஒருவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

வெடி சுவரிலிருந்து இறங்கினான். முதல் அடி கணுக்கால் வரை. இரண்டாவது முழங்கால் வரை. மூன்றாவதில் தொடை வரை போய்விட்டான். சேறு அவனை விடவில்லை. அவன் இழுக்க இழுக்க அது மெதுவாக, பொறுமையாக இழுத்தது. சர்வேயரும் மகளும் ஒரு கம்பை நீட்டி இழுத்து வெளியே போட்டார்கள். ஒரு செருப்பு உள்ளேயே போயிற்று. அவன் மற்றதையும் கழற்றி எறிந்தான்.

“படகு?” என்றார் சர்வேயர்.

“சேத்துல படகு போகாது அண்ணி. தண்ணி வந்தாத்தான் போகும். தண்ணி வந்தா...”

இன்று பௌர்ணமி. மாலையில் ஏறும் தண்ணீர் நேற்றையதைவிட உயரமாக ஏறும். காற்றும் எழுந்திருந்தது. மேடையின் உயரத்தைச் சர்வேயர் கண்ணால் அளந்தார். அதைச் சொல்லவில்லை.

மகள் செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள். சுவரோரமாக இடது பக்கம் நடந்து, உடைந்த மதகு ஒன்றின் அருகில் சேற்றில் இறங்கினாள். கணுக்கால் வரைகூட அமுங்கவில்லை. நடந்தாள். நேராக அல்ல. நாற்பது அடி போய் வலது பக்கம் திரும்பினாள். ஒரு குட்டையைச் சுற்றினாள். தூணை நோக்காமல் ஒரு எல்லைக்கல்லை நோக்கிப் போனாள். கீழே பார்க்கவே இல்லை. கண் அந்த வெள்ளைச் சட்டை மேல் இருந்தது.

வெடி அண்ணியைப் பார்த்தான்.

“அவ கால் வெச்ச இடத்துல கால் வை” என்றார் சர்வேயர். “வேற எதுவும் இப்ப பேசாதே.”

*

அவர் உயிரோடு இருந்தார்.

தூணின் ஏணியில் கீழ்ப்படி ஒன்று துருப்பிடித்து ஒடிந்து தொங்கியது. இறங்க முயன்று விழுந்து, வீங்கிய காலோடு மறுபடி மேலே ஏறியிருக்கிறார். உதடு வெடித்திருந்தது. தோல் வெயிலில் கருகியிருந்தது. வெடி மேலே ஏறி அவர் வாயில் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டான்.

“விடியக்காலை இருட்டுல தண்ணி மேடையைத் தொட்டுச்சு தம்பி” என்றார் அவர். “கால்ல தொட்டுப் பார்த்துட்டுப் போச்சு. யாரோ தடவிப் பார்க்கற மாதிரி.”

“இன்னிக்கு அது வந்து பார்க்கும்போது நீங்க இருக்க மாட்டீங்க. என் முதுகுல ஏறுங்க. நான் ஒல்லியா இருக்கேன்னு கவலைப்படாதீங்க, எங்க வீட்டு காஸ் சிலிண்டர் எல்லாம் நான்தான் தூக்கறேன்.”

கீழே இறங்கியதும் அவர் மகளைப் பார்த்தார். அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தார். அவள் பாதத்தைப் பார்த்தார். “நீ எப்படிம்மா வந்தே?” என்றார். சர்வேயர் இருப்பதை அப்புறம்தான் கவனித்தார். உடனே சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு நாற்பது. தூரத்தில் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. பிறகு அந்தச் சத்தம் வந்தது. அலைச் சத்தம் அல்ல. சேற்றிலிருந்த ஆயிரம் சின்ன ஓட்டைகள் ஒன்றாக மூச்சு விடுவதுபோல, சளசளவென்று.

“தண்ணி” என்றாள் மகள். “முன்னாடியிருந்து வராது. பக்கத்துலேருந்துதான் வரும். வேகமா வாங்க.”

அவள் சொன்னபடியே வந்தது. இடது பக்கத்துப் பள்ளம் முதலில் நிறைந்தது. பிறகு வலது பக்கம். அவர்கள் நடந்த வரப்பு மட்டும் ஒரு கோடாக மிஞ்சியது. பிறகு அந்தக் கோடும் மறைந்தது. கணுக்கால், கெண்டைக்கால். கண்ணுக்கு எங்கும் ஒரே தண்ணீர். எது வழி, எது சாவு என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் போகிற அந்தப் பெண்ணின் பாதம் மட்டும்தான் வழி.

சர்வேயர் பின்னால் வந்தார். வெடியின் முதுகில் இருந்த கிழவரின் கை சட்டைப் பைக்குள் போனது. ஒரு புகைப்படத்தை எடுத்து, தண்ணீரில் விட்டது. அது மல்லாந்து மிதந்து வந்தது. செய்தித்தாளோடு ஒருவன், எல்லைக்கல். படத்தின் ஓரத்தில், கேமராவின் கண்ணைக் கொஞ்சம் மறைத்தபடி, எடுத்தவரின் விரல். நகத்துக்குக் கீழே குறுக்காக ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பு யார் விரலில் இருக்கிறது என்று பெற்றவருக்குத் தெரியும். காலையில் கைப்பை வாரைச் சுருட்டிய விரல்களைப் பார்த்திருந்த சர்வேயருக்கும் தெரியும்.

கை நீட்டினால் எடுத்திருக்கலாம். அவர் எடுக்கவில்லை. ஏன் என்று அவரால் உடனே சொல்ல முடியவில்லை.

மதகை எட்டியபோது தண்ணீர் இடுப்பில் இருந்தது.

*

சுவரை ஒட்டிய சாலையில் ஆம்புலன்ஸ் நின்றது. ஒரு ஜீப்பும் நின்றது. ஜீப்பின் அருகில் போலீஸ்காரரோடு மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, மெல்லிய குரலில்.

“கடவுளே, கிடைச்சுட்டாரா!” என்று ஓடி வந்தார். பிறகு வருத்தமாக நின்றார். “சொல்லவே நாக்கு கூசுது சார். பத்தொன்பது ஃபைலும் இவர் பொறுப்புல இருந்தது. இடத்தைப் பார்க்கறதும் படம் எடுக்கறதும் எல்லாம் நானேன்னு இவர்தான் இழுத்துப் போட்டுக்கிட்டார். வயசானவர்னு நம்பிக் கையெழுத்துப் போட்டேன். ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி கல்லைப் பிடுங்கிடலாம்னு வந்து மாட்டிக்கிட்டார் போல.”

“கம்பைப் பிடுங்கினது யாரு சார்?” என்றான் வெடி.

“எனக்கு என்ன தம்பி தெரியும்? நான் கடற்கரைக்கே வந்ததில்ல.”

போலீஸ்காரர் ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தார். “பெரியவரே, இவர் சொல்றது உண்மையா?”

கிழவர் மகளைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

“உண்மைதான்” என்றார். “எல்லாம் நான்தான். படம் எடுத்ததும் நான்தான். எழுதிக்கோங்க.”

மேனேஜரின் தோள்கள் தளர்ந்தன. வங்கியில் கடிகாரத்தைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தாரே, அதே தளர்ச்சி. வெடி வாயைத் திறந்தான். சர்வேயர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

“அண்ணி, நீங்க சொல்லுங்களேன்!”

“நான் சொன்னா ஊகம்” என்றார் சர்வேயர், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “படம் கடலோட போச்சு.”

போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பேனாவை உதறினார். ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள்.

மகள் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தாள். சேறு இடுப்பு வரை ஏறியிருந்தது. உடம்பு முழுவதும் நடுங்கியது. சேற்றில் நடந்தபோது அவள் நடுங்கவில்லை என்பது சர்வேயருக்கு நினைவு வந்தது.

“எழுதாதீங்க சார்” என்றாள்.

“பாப்பா, நீ வண்டில ஏறு” என்றார் அப்பா.

“அப்பாவுக்கு இந்த வழி தெரியாது. தெரிஞ்சிருந்தா நேத்தே திரும்பி நடந்து வந்திருப்பார். கம்பு இல்லாம இவங்களைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தது யாருன்னு கேளுங்க.”

“அந்தப் பொண்ணு பயந்து போய் உளறுது” என்றார் மேனேஜர். அவர் குரல் முதல் முறையாக உயர்ந்தது.

“பாப்பா, வாயை மூடு!” ஸ்ட்ரெச்சரிலிருந்து எழ முயன்றார் கிழவர். “உனக்கு வயசு இருக்கு. எனக்கு இன்னும் பதினோரு நாள்தான் சர்வீஸ். என்னை என்ன செய்துடுவாங்க?”

“நீங்க ராத்திரி பூரா அந்தத் தூண் மேல இருந்தீங்களேப்பா.” அவள் அழவில்லை. போலீஸ்காரரை நேராகப் பார்த்தாள். “வேலை நிரந்தரம் ஆகணும்னா போயிட்டு வான்னார் மேனேஜர். வழிக்கு முதல் தடவை அவரே கம்பு நட்டுக் காட்டினார். அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது, கரையோரச் சேத்து நிலம்னுதான் நெனச்சேன். ரெண்டாவது தடவை கிளம்ப லேட்டாச்சு, தண்ணி வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் பதினேழு தடவை தெரிஞ்சேதான் போனேன்.”

சுவருக்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு எல்லைக்கல்லும் வெளியே இல்லை.

“பத்தொன்பது படத்தையும் எடுத்தது நான்தான்” என்றாள்.